வைஃபையிலிருந்து டவருக்கு: பேச்சு அறுபடாமல் அழைப்பை மாற்ற ஒரு வழிகாட்டி

வாசலைத் தாண்டியதும் அழைப்பு அறுந்தால் எல்லோரும் முதலில் திட்டுவது ரூட்டரைத்தான். பெரும்பாலும் அதன்மேல் பழி இல்லை. வைஃபை எல்லையைத் தாண்டிய அழைப்பை ஏந்திக்கொள்ள மொபைல் நெட்வொர்க் பக்கத்தில் ஏதோ ஒன்று தயாராக இல்லை என்பதே பல வீடுகளில் உண்மையான காரணம். அதனால் இந்த வழிகாட்டி ரூட்டரில் தொடங்கவில்லை. முதலில் வெளிப்பக்கத்தைச் சரிசெய்வோம், பிறகு வீட்டுக்குள் வருவோம்.

முன்னதாக ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். செல்பேசியின் டயலரில் எண்ணை அழுத்திப் பேசுவது ஒரு வகை. வாட்ஸ்அப், சிக்னல், ஃபேஸ்டைம் போன்ற செயலிகள் வழியே பேசுவது வேறு வகை. இரண்டுமே வைஃபையில் நடக்கும். இரண்டையும் மக்கள் வைஃபை கால் என்றே சொல்கிறார்கள். ஆனால் இடையில் நெட்வொர்க் மாறும்போது முதல் வகையைக் காப்பாற்றுவது உங்கள் சேவை நிறுவனம். இரண்டாவது வகையைக் காப்பாற்றுவது அந்தச் செயலி. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குப் பலிக்காது. கட்டுரையின் பெரும்பகுதி எண் அழைப்புகளைப் பற்றியது. செயலி அழைப்புகளுக்குப் பின்னால் ஒரு பகுதி இருக்கிறது.

திரைக்குப் பின்னால் நடப்பது

வைஃபை காலிங் இயங்கும்போது, உங்கள் செல்பேசி வீட்டு இணையத்தின் வழியே சேவை நிறுவனத்தின் நுழைவாயில் ஒன்றுக்கு மறைகுறியாக்கப்பட்ட ஒரு சுரங்கப்பாதையை அமைத்துக்கொள்கிறது. 'நான் இன்னார்' என்று நிரூபிக்க அது பயன்படுத்துவது சிம் கார்டில் இருக்கும் ரகசியச் சாவியை. அதனால்தான் யாருடைய வைஃபையில் இருந்தாலும் அழைப்பு உங்கள் எண்ணிலிருந்தே போகிறது. அந்த வைஃபையை நடத்துபவரால் நீங்கள் பேசுவதை ஒட்டுக்கேட்கவும் முடியாது.

சுரங்கத்தின் மறுமுனையில் குரல் போய்ச் சேரும் இடம்தான் இங்கே முக்கியம். 4ஜி டவர் வழியே குரலை டேட்டாவாக அனுப்பும் வோல்ட்டி முறை எந்த அமைப்பைப் பயன்படுத்துகிறதோ, அதே அமைப்புக்குத்தான் இதுவும் போகிறது. செல்பேசி வைஃபை வழியே வந்தாலும் டவர் வழியே வந்தாலும் அதற்குக் கொடுத்த உள்முகவரியை நெட்வொர்க் மாற்றாமல் வைத்திருக்கும். பாதை மாறினாலும் அழைப்பு அதே அழைப்பு. எதிர்முனையில் இருப்பவரின் செல்பேசிக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

குரல் போகும்போது 20 மில்லி விநாடிக்கு ஒரு துண்டாக நறுக்கப்பட்டு, விநாடிக்கு 50 பாக்கெட்டுகளாகப் போகிறது. அழைப்பு வைஃபையிலிருந்து டவருக்குக் கைமாறும்போது அரை விநாடி தடங்கினால் 25 பாக்கெட்டுகள் தவறும். காதுக்கு அது ஓர் அசை விழுங்கப்பட்டது போலத் தோன்றும், அவ்வளவுதான். நல்ல கைமாற்றத்தில் இதுகூடத் தெரியாது.

பழைய 2ஜி, 3ஜி குரல் அழைப்புகள் வேறு இனம். அங்கே அழைப்புக்கென்று தனி இணைப்பு ஒதுக்கப்படுகிறது. பாக்கெட் கணக்கே இல்லை. 4ஜியிலிருந்து 3ஜிக்கு நடு அழைப்பில் இறங்க ஒரு வழிமுறை உண்டு. வைஃபையிலிருந்து நேராக 3ஜிக்கு இறங்குவதற்கு இன்றைய நெட்வொர்க்குகளில் பெரும்பாலும் வழி இல்லை. ஒரு காலத்தில் இருந்தது: 2007இல் அமெரிக்காவில் டி-மொபைல் கொண்டுவந்த சேவை, யூஎம்ஏ என்ற நுட்பத்தால் வைஃபை அழைப்பை 2ஜிக்கு மாற்றியது. அதற்கென்றே செய்யப்பட்ட செல்பேசிகள் தேவைப்பட்டன. அந்த நுட்பம் பரவலாக நிலைக்கவில்லை. ஐபோனுக்கு வைஃபை காலிங் வந்தது 2014இல், ஐஓஎஸ் 8 உடன். இன்று எல்லோரும் பயன்படுத்துவது வோல்ட்டியோடு சேர்ந்து இயங்கும் முறைதான்.

ஆக, வைஃபை காலிங்கை மட்டும் இயக்கிவிட்டு வோல்ட்டியை அணைத்து வைத்திருப்பவரின் அழைப்பு வாசலில் அறுவதில் வியப்பே இல்லை.

முதல் படி: வோல்ட்டி உண்மையிலேயே வேலை செய்கிறதா?

ஆன்ட்ராய்டில் 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'சிம்' என்று போனால் 'வோல்ட்டி' அல்லது '4ஜி காலிங்' என்ற பெயரில் ஒரு பொத்தான் இருக்கும். சாம்சங்கில் 'கனெக்‌ஷன்ஸ்' என்பதற்குள் 'மொபைல் நெட்வொர்க்ஸ்'. ஐபோனில் 'செல்லுலார்' (சில நாடுகளில் 'மொபைல் சர்வீஸ்' அல்லது 'மொபைல் டேட்டா') என்பதற்குள் 'வாய்ஸ் அண்ட் டேட்டா'. சில நிறுவனங்களின் சிம் போட்டால் இந்தப் பொத்தானே தெரியாது. அங்கே வோல்ட்டி எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் என்று பொருள். அல்லது அந்தச் செல்பேசிக்கு அது கிடைக்கவே இல்லை என்றும் பொருளாக இருக்கலாம். பொத்தானை நம்பாமல் சோதித்துப் பார்ப்பதே நல்லது.

வைஃபையை முழுதாக அணையுங்கள். வழக்கமாக அழைப்பு எங்கே அறுகிறதோ, சரியாக அந்த இடத்தில் போய் நில்லுங்கள். ஓர் எண்ணை அழைத்துவிட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல்பட்டையைப் பாருங்கள். 4ஜி அல்லது எல்டிஇ என்ற குறி அப்படியே நின்றால் வோல்ட்டி வேலை செய்கிறது. அழைப்பு போன கணமே அது 3ஜி, எச் (H), ஈ (E) என்ற பழைய நெட்வொர்க் குறிகளுக்கு இறங்கினால், உங்கள் குரல் பழைய பாதையில் போகிறது. வைஃபையிலிருந்து வரும் அழைப்புக்கு அந்த இடத்தில் தரையிறங்க வழியில்லை. 5ஜி செல்பேசியில் அழைப்பின்போது மட்டும் 4ஜி தெரிந்தால் கவலை வேண்டாம். பல 5ஜி நெட்வொர்க்குகள் குரலுக்கு இன்னும் 4ஜியைத்தான் நம்பியிருக்கின்றன.

நின்ற இடத்திலேயே ஏன் சோதிக்கச் சொல்கிறேன் என்றால், மாடியில் நான்கு கோடு காட்டும் சிக்னல் படிக்கட்டின் அடியில் ஒன்றாகக் குறைந்திருக்கலாம். வைஃபை தீரும் இடமும் டவர் சிக்னல் தேயும் இடமும் ஒன்றாக அமைந்துவிட்டால், எந்த செட்டிங்ஸும் உதவாது. வைஃபை இன்னும் கொஞ்சம் தூரம் எட்ட வேண்டும், அல்லது நீங்கள் அந்த இடத்தைத் தாண்டிய பிறகு அழைக்க வேண்டும்.

வோல்ட்டி வரவில்லையா? வழக்கமான காரணங்கள் மூன்று. செல்பேசி வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்டதாக இருந்து, உங்கள் நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலில் இல்லாமலிருக்கலாம். மென்பொருள் பழையதாக இருக்கலாம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரிய அமைப்புகள் அப்டேட்டோடு சேர்ந்துதான் வருகின்றன. சிம் கார்டே மிகப் பழையதாக இருக்கலாம். 2ஜி காலத்துச் சிம்மைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

இரண்டாம் படி: வைஃபை காலிங்கை இயக்குவது

ஆன்ட்ராய்டில் மேலே சொன்ன அதே சிம் பக்கத்தில், 'வைஃபை காலிங்'. சாம்சங்கில் 'கனெக்‌ஷன்ஸ்' என்பதற்குள்ளேயே தனியாக இருக்கும். ஐபோனில் 'செல்லுலார்' என்பதற்குள் 'வைஃபை காலிங்'. இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியே இயக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஒரு சிம்மில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், மற்றதற்கு வரும் அழைப்புகள் மட்டும் வீட்டுக்குள் கிடைக்காது.

இயக்கியாயிற்று, வேலை செய்கிறதா என்று பார்க்க விமானப் பயன்முறை கைகொடுக்கும். அதை இயக்குங்கள், வைஃபையும் அணைந்திருந்தால் வைஃபையை மட்டும் மீண்டும் இயக்குங்கள். அரை நிமிடம் பொறுங்கள். ஐபோனில் நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் வைஃபை என்று வரும். ஆன்ட்ராய்டில் அலைகளோடு ஒரு தொலைபேசிக் குறி வரும். இப்போது ஓர் எண்ணை அழையுங்கள். அழைப்பு போனால், அது வைஃபையில்தான் போகிறது என்பதில் ஐயமே இல்லை, ஏனென்றால் டவரோடு தொடர்பு கிடையாது. சோதனை முடிந்ததும் விமானப் பயன்முறையை மறக்காமல் அணையுங்கள். அது இயங்கும் வரை டவர் பக்கம் முற்றிலும் உறங்குகிறது. கைமாற்றம் நடக்க வாய்ப்பே இல்லை.

மொபைல் டேட்டா இயங்க வேண்டுமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. எண் அழைப்புக்குப் பொதுவாக வேண்டாம். வோல்ட்டிக்கென்று நெட்வொர்க் தனித் தடம் வைத்திருக்கிறது. மொபைல் டேட்டா பொத்தான் கட்டுப்படுத்துவது இணையத் தடத்தை மட்டும்.

மூன்றாம் படி: எதற்கு முன்னுரிமை?

ஆன்ட்ராய்டு செல்பேசிகள் பலவற்றில் வைஃபை காலிங் பக்கத்துக்குள் 'காலிங் பிரிஃபரன்ஸ்' என்று ஒன்று உண்டு. வைஃபை முதலில் அல்லது மொபைல் நெட்வொர்க் முதலில். இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது: வீட்டுக்குள் டவர் சிக்னல் இரண்டு மூன்று கோடுகளாவது இருந்தால் மொபைல் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை இருக்கிறதே என்று எல்லா அழைப்பையும் அதில் ஏற்றுவதில் பயனில்லை. டவரில் தொடங்கிய அழைப்பு நீங்கள் வெளியே போனாலும் டவரிலேயே இருக்கும். மாறவே தேவையில்லாத அழைப்பு மாறும்போது அறுவதும் இல்லை. சிக்னல் அற்றுப்போகும் அறைகளில் மட்டும் செல்பேசி வைஃபையை நாடும்.

வைஃபைக்கு முன்னுரிமை தர வேண்டியவர்கள் தடித்த சுவர்களுக்குள்ளும், அடித்தளத்திலும், டவருக்கு வெகு தொலைவிலும் இருப்பவர்கள். அவர்கள் வீட்டில் சிக்னல் நிமிடத்துக்கு நிமிடம் வந்து வந்து போகும். மொபைல் முதலில் என்று வைத்தால் அழைப்பு நடுவில் தத்தளிக்கும்.

ஐபோனில் இப்படித் தேர்ந்தெடுக்கும் பட்டியல் பொதுவாக இல்லை. அங்கே கையால்தான்: பேசிக்கொண்டே வெளியே கிளம்பப்போகிறீர்கள் என்று தெரிந்தால், அழைக்கும் முன்பே வைஃபையை அணைத்துவிட்டு அழையுங்கள்.

நான்காம் படி: எண்ணிப் பார்க்கும் சோதனை

அழைப்பு சரியாகக் கைமாறுகிறதா என்று 'கேக்குதா, கேக்குதா' என்று கேட்டுக்கொண்டே நடந்து கண்டுபிடிக்க முடியாது. இதைவிட நல்ல வழி, எதிர்முனையில் இருப்பவரை ஒன்றிலிருந்து நூறு வரை சீரான வேகத்தில் எண்ணச் சொல்வது. நீங்கள் ரூட்டர் இருக்கும் அறையில் தொடங்கி, மேல்பட்டையில் வைஃபை காலிங் குறி இருப்பதை உறுதி செய்துகொண்டு, சாதாரண நடையில் வெளியே போங்கள். "முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்ப... தெட்டு, முப்பத்தொன்பது" என்று கேட்டால் முப்பத்தேழில் கைமாற்றம் நடந்திருக்கிறது; ஓர் எண் போனதோடு முடிந்தது. இது நல்ல நெட்வொர்க். "முப்பத்தாறு" என்பதற்குப் பிறகு மௌனம், அப்புறம் "நாற்பத்தெட்டு" என்றால் செல்பேசி தேய்ந்துபோன வைஃபையை நெடுநேரம் பிடித்துத் தொங்கியிருக்கிறது. முப்பத்தாறோடு முற்றுப்பெற்றால் முதல் படிக்குத் திரும்புங்கள்.

பிறகு முறை மாற்றி, நீங்கள் எண்ணுங்கள், அவர் கேட்கட்டும். இந்தப் பாதியை விட்டுவிடாதீர்கள். ரூட்டரின் ஒலிபரப்பு சக்தி பொதுவாகச் செல்பேசியினுடையதைவிட அதிகம். அதனால் விளிம்பில் நிற்கும்போது ரூட்டர் சொல்வது செல்பேசிக்குக் கேட்கும், செல்பேசி சொல்வது ரூட்டருக்குக் கேட்காது. உங்களுக்கு எதிர்முனைக் குரல் துல்லியமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். அவரோ "உன் குரல் வரவில்லை" என்று கத்திக்கொண்டிருப்பார். கேட்கும் பக்கத்தை மட்டும் சோதித்தவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஏமாந்துபோவார்கள்.

வெளியிலிருந்து உள்ளே வரும் திசையையும் ஒருமுறை பாருங்கள். டவரில் நடக்கும் அழைப்பு வீட்டுக்குள் வந்ததும் வைஃபைக்குத் தாவாமல் முடியும் வரை டவரிலேயே தங்கினால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். சிக்னல் இருக்கும் வரை அதுவே நல்லது.

வீட்டு வைஃபையின் விளிம்பு

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, வாசல்படியில் நிற்கும் செல்பேசியின் நிலை அதுதான். வைஃபை முழுதாக அறுந்தால் அது உடனே டவரைத் தேடும். முழுதாக இருந்தால் பேச்சு நடக்கும். இரண்டும் இல்லாத அந்தப் பத்துப் பதினைந்தடிதான் தொல்லை.

சிக்னலை அளக்கும் செயலிகள் டிபிஎம் என்ற அலகில் எண்ணைக் காட்டும். எண் மைனஸில் இருக்கும். பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வலு. வைஃபையில் குரல் ஒழுங்காகப் போக மைனஸ் 67 டிபிஎம்மாவது இருக்க வேண்டும் என்பது அலுவலக வைஃபை அமைப்பவர்கள் நெடுநாளாகக் கையாளும் அளவு. மைனஸ் 75ஐத் தாண்டி இறங்கினால் இணையப் பக்கம் மெதுவாகவாவது திறக்கும், குரல் துண்டுதுண்டாகும்.

பலர் இங்கே செய்வது, சிக்னல் போதவில்லை என்று ரூட்டரை வாசல் பக்கமாக நகர்த்துவது. அப்படிச் செய்தால் வைஃபையின் மெலிந்த வால் தெரு வரை நீண்டுவிடும்; செல்பேசி அதைப் பிடித்துக்கொண்டே போகும்; பேச்சு குலையும் தூரம்தான் அதிகமாகும். கைமாற்றம் நன்றாக நடக்க, வீட்டுக்குள் சிக்னல் வலுவாக இருந்து, வெளியே போனதும் சட்டென்று விழ வேண்டும். ரூட்டரை வீட்டின் நடுவில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர்களைத் தாண்டித் தொலைவு போகாது. பேச்சுக்கு அதுவே வசதி. உங்கள் ரூட்டரில் 2.4 மற்றும் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனித்தனிப் பெயர் வைக்க முடிந்தால், செல்பேசியை 5இல் மட்டும் இணைத்துப் பாருங்கள். பெரிய வீடாக இருந்து, உள் அறைகளுக்கே 5 எட்டவில்லை என்றால் இந்த யோசனை பொருந்தாது.

பெரிய வீடுகளில் மெஷ் வைஃபை (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் அமைப்பு) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கைமாற்றமும் உண்டு: ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு. எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் இருக்க வேண்டும். ரூட்டர் செட்டிங்ஸில் 802.11கே, 802.11வி, 802.11ஆர் என்று இருப்பவை இந்தத் தாவலை வேகமாக்க வந்தவை, இயக்கலாம். பழைய சாதனம் ஏதாவது அதன்பின் இணைய மறுத்தால், ஆர் என்பதை மட்டும் அணைத்துப் பாருங்கள். ஐபோன் எப்போது அடுத்த பெட்டியைத் தேடத் தொடங்கும் என்பதை ஆப்பிள் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது: சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே போனதும் தேடும், டேட்டா போய்க்கொண்டிருக்கும்போது, இப்போதையதைவிட 8 டெசிபல் வலுவான பெட்டி கிடைத்தால்தான் தாவும். பெட்டிகளை மிகத் தொலைவில் வைத்தால் குரல் கெட்டபிறகே தாவல் நடக்கும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

இணைய வேகத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஒரு குரல் அழைப்புக்குப் பாக்கெட்டுகளின் சுமையெல்லாம் சேர்த்தும் விநாடிக்கு ஏறக்குறைய 100 கிலோபிட்டுக்குள் அடங்கும். குரலுக்கு எதிரி தாமதமும் பாக்கெட் இழப்பும். பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அந்தத் தாமதத்தை வீட்டுக்குள் கூட்டுவது பெரும்பாலும் யாரோ பின்னணியில் படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருப்பது. பதிவேற்றத் தடம் அடைபட்டால், உங்கள் 20 மில்லி விநாடித் துண்டுகள் அந்தப் படங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். ரூட்டரில் க்யூஓஎஸ் என்ற வசதி இருந்தால் குரலுக்கு முன்னிடம் கொடுக்கச் சொல்லலாம். இல்லாவிட்டால் படங்களை இரவில் ஏற்றச் சொல்லுங்கள்.

விருந்தினர் விடுதி, அலுவலகம் போன்ற இடங்களில் இணையம் நன்றாக இருந்தும் வைஃபை காலிங் குறி மட்டும் வராமல் போகலாம். செல்பேசி தன் சுரங்கத்தை அமைக்கப் பயன்படுத்தும் யூடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட்டுகளை (இணைப்பு வாசல்களை) அங்குள்ள ஃபயர்வால் என்ற தடுப்பு அமைப்பு மூடியிருக்கும். நெட்வொர்க்கை நிர்வகிப்பவரிடம் இந்த எண்களைச் சொன்னால் போதும், புரிந்துகொள்வார். ரூட்டரிலேயே விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறோர் இடத்தின் வழியே திருப்பும் சேவை) வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல்: நீங்கள் வேறு நாட்டிலிருந்து வருவதாகக் கருதிச் சில நிறுவனங்கள் இணைப்பை மறுத்துவிடும். உள்நுழைவுப் பக்கம் கேட்கும் பொது வைஃபைகளில், உலாவியில் அந்தப் பக்கத்தை முடித்த பிறகே எதுவும் இயங்கும்.

இன்னும் சரியாகவில்லை என்றால்

லிஃப்ட்டுக்குள் அறுகிறது: உலோகப் பெட்டிக்குள் இரண்டு சிக்னலும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. படியில் இறங்குங்கள், அல்லது பிறகு பேசுவதாகச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

வீட்டில் இருக்கும்போதே 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று அழைப்பவர்களுக்குச் சொல்கிறது: பேட்டரி சேமிப்பு முறை வைஃபையை உறங்கவைத்திருக்கலாம்; அல்லது பேசாமலிருக்கும் நேரத்தில் சுரங்கத்தை ரூட்டர் மூடியிருக்கலாம். விமானப் பயன்முறையை இயக்கி அணைத்தால் செல்பேசி புதிதாகப் பதிவு செய்துகொள்ளும். தினமும் அப்படிச் செய்ய வேண்டியிருந்தால் ரூட்டரின் மென்பொருளை அப்டேட் செய்யுங்கள்.

பேசும்போது வைஃபையைக் கையால் அணைத்தால் என்ன ஆகும்? பல செல்பேசிகள் முதலில் அழைப்பை டவருக்கு மாற்றிவிட்டே வைஃபையை அணைக்கும். எல்லாமே அப்படியல்ல. முக்கியமான அழைப்பில் முயன்று பார்க்காமல், எண்ணும் சோதனையில் பாருங்கள். ரூட்டரின் மின்சாரத்தைப் பிடுங்குவது இதற்குச் சமமல்ல. அப்போது செல்பேசிக்கு முன்னறிவிப்பே கிடைப்பதில்லை.

செயலி அழைப்புகள்

இங்கே சேவை நிறுவனத்துக்கு வேலை இல்லை. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது செல்பேசியின் இணைய முகவரியே மாறிவிடுகிறது. செயலி புதிய பாதையைத் தானே தேடிப் பிடிக்க வேண்டும். திரையில் 'ரீகனெக்டிங்' என்று சில விநாடிகள் நிற்பது அதற்குத்தான். ஆகவே எண் அழைப்புக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, மொபைல் டேட்டா இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். டேட்டா சேமிப்பு முறை வைத்திருந்தால் அந்தச் செயலிக்கு விலக்கு கொடுத்து வையுங்கள்.

வைஃபை மெலியும்போது டேட்டாவுக்குத் தானாக மாற ஐபோனில் 'வைஃபை அசிஸ்ட்' உண்டு. 2015இல் ஐஓஎஸ் 9 உடன் வந்தது, 'செல்லுலார்' பக்கத்தின் அடிவரை போனால் கிடைக்கும். சாம்சங்கில் 'இன்டெலிஜென்ட் வைஃபை' என்பதற்குள் 'ஸ்விட்ச் டு மொபைல் டேட்டா'. இவை உதவும், ஆனால் வெளியே கிளம்பும்போது இவற்றுக்காகக் காத்திருப்பதைவிட வாசலிலேயே வைஃபையை அணைப்பது நல்லது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் இணைப்பைவிடத் திட்டவட்டமாக அறுந்த இணைப்பிலிருந்து செயலிகள் வேகமாக மீள்கின்றன. வீடியோ அழைப்பு என்றால் கேமராவையும் அணையுங்கள். குரலுக்கு ஆகும் டேட்டா சொற்பம், வீடியோவுக்கு ஆவது பல மடங்கு.

செயலியில் தொடங்கிய பேச்சை நடுவில் எண் அழைப்பாக மாற்ற முடியுமா என்றால், முடியாது. துண்டித்துவிட்டுப் புதிதாக அழைக்க வேண்டும்.

அவசர அழைப்பு

அவசர எண்ணை அழைக்கும்போது டவர் கிடைத்தால் செல்பேசிகள் பொதுவாக அதையே முதலில் நாடும். டவர் இல்லாமல் வைஃபை வழியே போனால், நீங்கள் இருக்கும் இடத்தை மறுமுனையால் துல்லியமாக அறிய முடியாமல் போகலாம். சில நாடுகளில் வைஃபை காலிங்கை இயக்கும்போதே முகவரி கேட்பது இதற்காகத்தான். வீடு மாறினால் அதையும் மாற்றுங்கள். அழைக்கும்போது இடத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

சேவை நிறுவனத்திடம் என்ன கேட்பது?

அதற்கு முன் நெட்வொர்க் செட்டிங்ஸை மீட்டமைத்துப் பார்க்கலாம். சேமித்த வைஃபை கடவுச்சொற்களும், சில செல்பேசிகளில் புளூடூத் இணைப்புகளும் அழிந்துவிடும். குறித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிறகு வோல்ட்டி, வைஃபை காலிங் பொத்தான்கள் அணைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

வாடிக்கையாளர் சேவையில் 'கால் கட் ஆகிறது' என்று மட்டும் சொன்னால், செல்பேசியை அணைத்து இயக்குங்கள் என்ற பதிலோடு முடிந்துவிடும். செல்பேசியின் மாடல், மென்பொருள் பதிப்பு, அறுந்த இடமும் நேரமும், வைஃபை இல்லாமல் அதே இடத்தில் அழைத்தபோது 4ஜி நின்றதா இறங்கியதா என்ற விவரங்களைச் சொல்லுங்கள். அதன்பின் மூன்று கேள்விகள். என் எண்ணுக்கு வோல்ட்டி, வைஃபை காலிங் இரண்டும் உங்கள் பக்கத்தில் திறக்கப்பட்டிருக்கின்றனவா? என் மாடல் இரண்டுக்குமான பட்டியலில் இருக்கிறதா? நடு அழைப்பில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதை உங்கள் நெட்வொர்க் ஆதரிக்கிறதா? முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்று வந்தால் மாற்றிக்கொள்ள வழி உண்டு. மூன்றாவதற்கு 'இல்லை' என்று வந்தால் செட்டிங்ஸைக் குடைவதை அதோடு நிறுத்திவிடலாம். முன்னுரிமையை மொபைல் நெட்வொர்க்குக்கு மாற்றுங்கள், அந்தப் பட்டியல் இல்லாத செல்பேசியில் வெளியே போகும் வேலை இருக்கும் நேரங்களில் வைஃபை காலிங்கை அணைத்து வையுங்கள்.